உங்களுக்குத் தெரியுமா? – வீட்டு வாசலில் ஒரு தேசியக் கொடி

தேசியக் கொடி என்றதும் கோட்டையும் ராணுவ அணிவகுப்பும்தான் நம் நினைவுக்கு வரும். இந்தப் பக்கத்தில் அவை குறைவு. வீட்டு மாடி, பிறந்தநாள் கேக், பள்ளி மைதானம், தெருவிளக்குக் கம்பம் என்று சாதாரண மக்கள் புழங்கும் இடங்களில் கொடி எப்படி வாழ்கிறது என்பதைத்தான் தொகுத்திருக்கிறோம்.

★ 2002-க்கு முன்பு, இந்தியர் ஒருவர் தன் வீட்டு மாடியில் நினைத்த நாளில் தேசியக் கொடியை ஏற்ற முடியாது. சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற குறிப்பிட்ட சில நாட்களுக்குத்தான் அனுமதி. மற்ற நாட்களில் அது அரசு அலுவலகக் கொடி. 2002 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்புதான் பொதுமக்களுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் ஆண்டு முழுவதும் கொடியேற்ற வழிவிட்டது. விடுதலை கிடைத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு!

★ அந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது. தொழிலதிபர் நவீன் ஜிண்டால் அமெரிக்காவில் படித்தவர். ஊர் திரும்பியதும் ராய்கரில் இருந்த தன் தொழிற்சாலையில் தேசியக் கொடியை ஏற்றினார். விதிப்படி கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். டெல்லி உயர் நீதிமன்றம் 1995-ல் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது: மரியாதையோடு தேசியக் கொடியைப் பறக்கவிடுவது, அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமையில் அடங்கும், ஆனால் அது கட்டுப்பாடற்ற உரிமை அல்ல. கொடி ஏற்றுவது கடமையா, பக்தியா என்றெல்லாம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது, நீதிமன்றம் அதைப் பேச்சுரிமையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது. என் கணக்கில் நம் கொடியின் வரலாற்றில் 1947-க்கு அடுத்த பெரிய நாள் அதுதான்.

★ இதே கொடியின் முன்னோடியைக் கையில் பிடித்ததற்காக அடிபட்டுச் செத்தவர் திருப்பூர் குமரன். 1932 ஜனவரியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கொடியை விடவில்லை. ஜனவரி 11-ல் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 27. ‘கொடி காத்த குமரன்’ என்று இன்று பள்ளிக் குழந்தைகள் சொல்கிறார்கள்.

★ அதே மாதம் 26-ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இன்னொரு காரியம் நடந்தது. ஆர்யா என்று அறியப்பட்ட பாஷ்யம், இரவோடு இரவாக அந்த நெடுங்கம்பத்தில் ஏறி, பிரிட்டிஷ் கொடி இருந்த இடத்தில் நம் கொடியைக் கட்டிவிட்டு இறங்கினார். அன்றைக்கு நாட்டிலேயே மிக உயரமான கொடிமரங்களில் ஒன்று அது. காலடியில் துப்பாக்கி ஏந்திய காவல். இதை எழுதும்போதே மெய் சிலிர்க்கிறது.

★ கொடிக்காகவே ஒரு சத்தியாகிரகம் நடந்திருக்கிறது. 1923-ல் நாக்பூரில், வெள்ளையர் வாழ்ந்த சிவில் லைன்ஸ் பகுதிக்குள் கொடியோடு நுழையத் தடை இருந்தது. தொண்டர்கள் அணி அணியாகப் போனார்கள், கைதானார்கள். ஜம்னாலால் பஜாஜ் சிறைப்பட்ட பிறகு வல்லபாய் படேல் பொறுப்பேற்று நடத்தினார். ஒரு தெரு வழியாகக் கொடியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. வேறொன்றுமில்லை.

★ சுதந்திர தினத்தன்று மாநிலங்களில் முதலமைச்சர்தானே கொடியேற்றுகிறார்? 1974 வரை அந்த வழக்கம் கிடையாது, ஆளுநர்தான் ஏற்றிவந்தார். மக்கள் தேர்ந்தெடுத்த முதல்வருக்கே அந்த உரிமை வேண்டும் என்று அன்றைய தமிழக முதல்வர் மு. கருணாநிதி, பிரதமர் இந்திரா காந்தியிடம் வலியுறுத்திப் பெற்றார். அதன் பலன் எல்லா மாநிலங்களுக்கும் கிடைத்தது. குடியரசு தினத்தில் இன்றும் ஆளுநரே ஏற்றுகிறார்.

★ டென்மார்க்கில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் முதலில் தேடுவது தேசியக் கொடியைத்தான். சாப்பாட்டு மேசை நடுவில் சிறு கம்பத்தில் ஒரு கொடி நிற்கும். கேக்கில் மெழுகுவத்தியோடு குச்சிக் கொடிகள் செருகியிருக்கும். கிறிஸ்துமஸ் மரத்தில் காகிதக் கொடிச் சரம் தொங்கும். வெளிநாட்டிலிருந்து மகளோ மருமகனோ வருகிறார்கள் என்றால், விமான நிலைய வாசலில் பாட்டி முதல் பேத்தி வரை ஆளுக்கொரு கொடியோடு நிற்பார்கள். சிவப்பில் வெள்ளைச் சிலுவை கொண்ட அந்தக் கொடிக்கு ‘டான்னபிரோ’ என்று பெயர். 1219-ல் எஸ்தோனியாவில் நடந்த ஒரு போரின்போது வானத்திலிருந்து விழுந்தது என்று கதை சொல்வார்கள்.

இவ்வளவு செல்லமாக இருக்கும் கொடியை 1834-ல் மன்னர் தனியார் கொடிமரங்களில் ஏற்றக் கூடாது என்று தடுத்தார். 1854-ல்தான் அந்தத் தடை விலகியது. அன்று விட்டுக்கொடுத்த அரசு வேறொரு பக்கம் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. அமெரிக்கக் கொடியைத் தன் வீட்டுக் கம்பத்தில் ஏற்றிய ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். அதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று 2023-ல் டென்மார்க் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. உடனே புதுச் சட்டம் வந்தது. 2025 ஜனவரி 1 முதல், சில விதிவிலக்குகள் தவிர, வேறு நாட்டுக் கொடிகளை அங்கே கொடிக்கம்பத்தில் ஏற்ற முடியாது. நார்டிக் நாடுகளின் கொடிகளும் பக்கத்து ஜெர்மனியின் கொடியும் விலக்குப் பெற்றவை.

★ கொடி வரைந்த கேக்கை வெட்டினால் அவமதிப்பா? இந்தக் கேள்வி நம் ஊருக்கும் வந்தது. 2013 கிறிஸ்துமஸ் விழாவில், கோயம்புத்தூரில், இந்திய வரைபடமும் மூவர்ணமும் அசோகச் சக்கரமும் கொண்ட பெரிய கேக் வெட்டப்பட்டது. புகார், வழக்கு என்று நீண்டு, 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அவமதிக்கும் எண்ணம் அங்கே இல்லை, எனவே குற்றம் இல்லை. விழாவுக்கு வந்தவர்கள் நாட்டுப்பற்றோடுதான் திரும்பியிருப்பார்கள் என்பது நீதிபதியின் பார்வை. நல்ல தீர்ப்பு. துணியை மட்டும் பார்க்காமல் மனத்தையும் பார்த்த தீர்ப்பு.

★ நெதர்லாந்தில் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வரும் ஜூன் மாதத்தில் தெருவில் நடந்தாலே போதும், யார் வீட்டுப் பிள்ளை பாஸ் என்று தெரிந்துவிடும். வீட்டு முகப்பில் சாய்வாகக் கொடி பறக்கும். கம்பத்தின் நுனியில் அந்தப் பிள்ளையின் புத்தகப் பை தொங்கும். பிள்ளையின் தேர்ச்சி, பழைய பை, நாட்டின் கொடி. மூன்றையும் ஒரே கம்பத்தில் கட்ட அந்த மக்களுக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நினைத்து நினைத்து மகிழலாம்.

அதே கொடி 2022-ல் தலைகீழாகத் தொங்கியது. நைட்ரஜன் மாசைக் குறைக்க அரசு கொண்டுவந்த திட்டத்தால் பண்ணைகள் மூடப்படும் என்று கொதித்த விவசாயிகள், சாலையோரக் கம்பங்களிலும் பாலங்களிலும் கொடியைத் தலைகீழாகக் கட்டினார்கள்.

★ பின்லாந்தில் வழக்கமாக மாலையில் கொடியை இறக்கிவிட வேண்டும். ஒரே ஓர் இரவு விலக்கு உண்டு. கோடை நடுநாள் விழாவுக்கு முந்தைய மாலை 6 மணிக்கு ஏற்றினால், மறுநாள் இரவு 9 மணிக்குத்தான் இறக்குவார்கள். நாட்டின் வடகோடியில் அப்போது சூரியனே மறைவதில்லை.

★ நார்வேயின் தேசிய நாளான மே 17-ல் முதலிடம் பள்ளிக் குழந்தைகளுக்கு. கொடியோடு ஊர்வலம் போவது அவர்கள்தான். தலைநகர் ஆஸ்லோவில் அரச குடும்பம் மாடத்தில் நின்று அவர்களுக்குக் கையசைக்கும்.

★ ஜெர்மனிக்கு வருவோம். 2006 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன், அங்கே கார் ஜன்னலில் தேசியக் கொடி கட்டினால் அக்கம்பக்கத்தார் சங்கடமாகப் பார்ப்பார்கள். ஹிட்லர் காலத்தின் நினைவு அப்படி. கொடியசைப்பு என்றாலே அந்த ஊர்வலங்கள் ஞாபகம் வரும். இத்தனைக்கும் கருப்பு–சிவப்பு–பொன்நிறக் கொடி நாஜிகளின் கொடி அல்ல. 19-ஆம் நூற்றாண்டு மக்களாட்சி இயக்கத்தில் பிறந்தது. 1933-ல் ஆட்சிக்கு வந்ததும் நாஜிகள் தூக்கி எறிந்தது. ஆனாலும் போருக்குப் பின் பல தலைமுறை ஜெர்மானியர் கொடியைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்கள். 2006 கோடையில் அந்தக் கூச்சம் விலகியது. கார், பால்கனி, கன்னம் என்று எங்கும் மூவர்ணம். தாங்களே நம்ப முடியாமல் அதைக் ‘கோடைக்காலத் தேவதைக் கதை’ என்று அழைத்தார்கள்.

கூச்சம் எல்லோரிடமும் விலகிவிடவில்லை. 2010 உலகக் கோப்பையின்போது பெர்லினின் நாய்க்கோல்ன் பகுதியில், லெபனானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கடைக்காரர், தன் கட்டடத்தின் பல மாடிகளை மறைக்கும் அளவுக்கு மாபெரும் ஜெர்மன் கொடியைத் தொங்கவிட்டார். அதை இரவில் வந்து கிழித்தவர்கள் யார் தெரியுமா? தேசியவாதத்தை எதிர்க்கும் இடதுசாரி இளைஞர்கள். அவர் மறுபடி தொங்கவிட்டார், மறுபடி சேதப்படுத்தினார்கள். வந்தேறி என்று ஒதுக்கப்பட்டவர் ‘இது என் நாடு’ என்று சொல்ல எடுத்த அதே துணி, அங்கேயே பிறந்தவர்களுக்குப் பயமாகத் தெரிந்திருக்கிறது. கொடியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம்தான் முன்னால் வந்து நிற்கும். கட்டியவர் வீட்டில் என்ன அர்த்தம், எதிர்வீட்டில் என்ன அர்த்தம் என்று இரண்டையும் கேட்காமல் யாரையும் தேசபக்தர் என்றோ துரோகி என்றோ முடிவுகட்டக் கூடாது.

★ இங்கிலாந்தில் ஒரு வீட்டுக் கொடி ஓர் அரசியல்வாதியின் பதவியைப் பறித்தது. 2014 நவம்பரில், ராச்செஸ்டர் இடைத்தேர்தல் நாளன்று, தொழிற்கட்சியின் எமிலி தார்ன்பெரி ஒரு வீட்டின் படத்தை ட்விட்டரில் போட்டார். ஜன்னல்களை மறைத்துச் சிவப்புச் சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடிகள், வாசலில், அங்கே உழைப்பாளிகளின் வண்டியாகக் கருதப்படும் ஒரு வெள்ளை வேன். கேலியாக ஒரு சொல்கூட எழுதவில்லை. ஆனாலும் உழைக்கும் மக்களை ஏளனம் செய்கிறார் என்று புயல் கிளம்பி, அன்றே நிழல் அமைச்சரவைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

★ 1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது வெம்பிளி மைதானத்தில் ரசிகர்கள் அசைத்தது பெரும்பாலும் பிரிட்டனின் யூனியன் கொடி. 1996 ஐரோப்பியக் கோப்பையில்தான் இங்கிலாந்தின் தனிக்கொடி அலை அலையாக வந்தது. 2025 கோடையில் பல ஊர்களில் இரண்டு கொடிகளையும் தெருவிளக்குக் கம்பங்களில் வரிசையாகக் கட்டினார்கள். சாலை ரவுண்டானாவில் சிவப்புச் சிலுவை வரைந்தார்கள். ஊர்ப்பற்று என்றார்கள் சிலர். குடியேறியவர்களை மிரட்டும் வேலை என்றார்கள் வேறு சிலர். சில உள்ளாட்சி மன்றங்கள் அவற்றைக் கழற்றின.

★ வட அயர்லாந்தில் கொடி ஒரு தெருவின் முகவரி. பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்புவோர் வாழும் சில தெருக்களில் நடைபாதை ஓரக்கல்லுக்குக்கூடச் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசியிருப்பார்கள். பெல்ஃபாஸ்ட் நகரமன்றக் கட்டடத்தில் ஆண்டு முழுவதும் பறந்த யூனியன் கொடியைக் குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் ஏற்றுவது என்று 2012 டிசம்பர் 3-ல் முடிவானது. மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது.

★ ஜப்பானின் சூரியக் கொடி பழையது. ஆனால் அதுதான் தேசியக் கொடி என்று சட்டம் சொன்னது 1999 ஆகஸ்டில்தான். அதே ஆண்டு பிப்ரவரியில் ஹிரோஷிமா மாவட்டப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். பட்டமளிப்பு விழாவில் கொடியும் தேசிய கீதமும் கட்டாயம் என்றது கல்வித் துறை. போர்க்கால நினைவால் ஆசிரியர்கள் மறுத்தார்கள். நடுவில் சிக்கியவர் அவர். சட்டம் பிறகும் சண்டையை முடிக்கவில்லை. கொடியை நோக்கி எழுந்து நிற்க வேண்டும் என்று 2003-ல் டோக்கியோ கல்வி வாரியம் உத்தரவிட்டது. மறுத்த நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது.

★ அமெரிக்கப் பள்ளிகளில் 1942 வரை குழந்தைகள் கையை நேராக நீட்டிக் கொடிக்கு வணக்கம் செலுத்தினார்கள். பார்ப்பதற்கு நாஜி வணக்கம் போலவே இருந்ததால், நெஞ்சில் கைவைக்கும் முறைக்கு மாற்றினார்கள். மறு ஆண்டே, 1943 ஜூன் 14-ல், எந்தக் குழந்தையையும் கொடிக்கு வணக்கம் செலுத்தக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். தீர்ப்பு வந்த நாளோ அவர்களின் கொடி நாள்! நம் உச்ச நீதிமன்றமும் 1986-ல் இதே வழியில் நின்றது. தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, சமய நம்பிக்கையால் பாடாமல் இருந்த கேரளப் பிள்ளைகள் மூவரைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்றது.

★ தடைசெய்தால் கொடி எந்த வடிவத்திலாவது வந்துவிடும். சோவியத் ஆட்சியில் எஸ்தோனியாவின் நீலம்–கருப்பு–வெள்ளைக் கொடிக்குத் தடை. 1988 ஏப்ரலில் டார்ட்டு நகர விழாவில் மக்கள் நீலக் கொடி ஒன்று, கருப்புக் கொடி ஒன்று, வெள்ளைக் கொடி ஒன்று என்று தனித்தனியாகப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து நடந்தார்கள். எதைப் பறிமுதல் செய்வது? அடுத்த ஆண்டு பிப்ரவரி 24-ல் தாலின் கோட்டைக் கோபுரத்தில் மூன்று நிறமும் சேர்ந்தே ஏறின. பாலஸ்தீனக் கொடி 1993 வரை இஸ்ரேலிய ஆக்கிரமிப்புப் பகுதிகளில் தடைசெய்யப்பட்டிருந்தது. அதன் நிறங்களைத் தாங்கிய தர்ப்பூசணித் துண்டு இன்று உலகெங்கும் அந்தக் கொடிக்குப் பதிலாக நிற்கிறது.

★ சிங்கப்பூரில் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரைதான் வீடுகளில் தேசியக் கொடியைத் தொங்கவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தாழ்வாரச் சுவர்களில் ஒரே அளவில் சிவப்பு–வெள்ளை வரிசை தெரியும். 2020-ல் கொரோனா முடக்கத்தின்போது, மக்கள் மனம் தளராதிருக்க, ஏப்ரல் இறுதியிலேயே அனுமதி கொடுத்தார்கள்.

★ இலங்கைக் கொடியில் சிங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைக் கோடு முஸ்லிம்களையும், செம்மஞ்சள் கோடு தமிழர்களையும் குறிக்கும். 1948-ல் ஏறிய சிங்கக் கொடியில் அவை இல்லை, 1951-ல்தான் சேர்த்தார்கள். கோடுகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்பதை அப்போதே ஏற்க மறுத்தவர், கொடிக் குழுவில் இருந்த செனட்டர் எஸ். நடேசன். பல தமிழ் வீடுகளில் அந்தக் கொடி மனமுவந்து ஏறாமல் போனதற்கு அதன்பின் நடந்த வரலாறே காரணம். ஒரு வீட்டில் ஏன் கொடி இல்லை என்று கேட்பதற்கு முன், அந்த வீட்டுக்கு நாடு என்ன செய்தது என்று கேட்பதுதான் முறை.

★ சவூதி அரேபியக் கொடி அரைக்கம்பத்தில் பறக்கவே பறக்காது. அதில் இஸ்லாமிய உறுதிமொழி எழுதியிருக்கிறது. 2007-ல் ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் மாகாணத்தில் அமெரிக்கப் படையினர் குழந்தைகளுக்குக் கொடுத்த கால்பந்துகளில் பல நாட்டுக் கொடிகளோடு இதுவும் அச்சாகியிருந்தது. புனித வாசகத்தைக் காலால் உதைப்பதா என்று மக்கள் தெருவுக்கு வந்தார்கள்.

★ கனடாவில் 2021 மே 30-ல் அரைக்கம்பத்துக்கு இறக்கிய கொடியை நவம்பரில்தான் மீண்டும் உயர்த்தினார்கள். பழங்குடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் மடிந்ததற்கான துக்கம் அது. அடுத்த ஆண்டு லாரி ஓட்டுநர்கள் போராட்டத்தில் கொடி அதிகம் பறந்ததால், தங்களையும் அந்தப் பக்கம் என்று எண்ணிவிடுவார்களோ என வீட்டில் கட்டவே பலர் தயங்கினார்கள். 2025-ல் அமெரிக்க அதிபர் டிரம்ப் கனடாவை 51-வது மாநிலம் ஆக்குவேன் என்றதும், தயங்கியவர்களும் கடைக்குப் போய்க் கொடி வாங்கினார்கள்.

★ நம் ஊர் விதிகளுக்கு வருவோம். கொடிக்குள் எந்தப் பொருளையும் வைத்துச் சுற்றக் கூடாது. பூ இதழுக்கு மட்டும் விலக்கு. பள்ளி மைதானத்தில் பி.டி. மாஸ்டர் முந்தின நாளே கொடியை மடித்து, ரோஜா இதழும் செவ்வந்தியும் அள்ளிப் போட்டு, இழுத்ததும் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டு, இரண்டு மூன்று முறை கயிற்றை இழுத்துப் பார்ப்பாரே, அதற்கு முறையான அனுமதி உண்டு.

★ கிரிக்கெட் மைதானத்தில் கொடியின் வெள்ளைப் பட்டையில் ஊர்ப்பெயர் எழுதி ஆட்டுகிறார்கள் அல்லவா? அது கூடாது. கொடியில் எந்த எழுத்தும் இருக்கக் கூடாது. செங்குத்தாகத் தொங்கவிட்டால், பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி வர வேண்டும். காரில் கம்பம் வைத்துக் கொடி கட்டும் உரிமை குடியரசுத் தலைவர், பிரதமர், ஆளுநர், அமைச்சர்கள், உச்ச, உயர் நீதிமன்ற நீதிபதிகள் போன்றோருக்கு மட்டுமே. உடையில் இடுப்புக்குக் கீழே, தலையணை உறையில், கைக்குட்டையில் கொடி கூடாது.

★ இந்தியாவின் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட தரக்குறிப்புகளில் ‘ஐ.எஸ். 1’ என்ற முதல் எண் தேசியக் கொடிக்குத்தான். 6300க்கு 4200 மில்லிமீட்டரிலிருந்து, மேசையில் வைக்கும் 150க்கு 100 மில்லிமீட்டர் வரை ஒன்பது அளவுகள். கர்நாடகாவில் ஹூப்ளியை அடுத்த பெங்கேரியில் இருக்கும் காதி சங்கத்தில் இந்த அளவுகோலின்படி கொடி தைக்கிறார்கள். வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். துணியை மூன்று பங்காகப் பிரித்து வெளுத்தும் சாயமேற்றியும், வெள்ளைப் பட்டையின் இருபுறமும் சக்கரம் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி அச்சிட்டு, பிறகு மூன்றையும் இணைத்துத் தைக்க வேண்டும். 24 ஆரங்களில் ஒன்று விலகினாலும் அந்தக் கொடி கழிவுதான்.

2021 டிசம்பர் 30-ல் செய்த திருத்தத்தால் இயந்திரத்தில் தயாரான பாலியெஸ்டர் கொடிக்கும் அனுமதி வந்தது. 2022 ஜூலையில், வீடுகளில் இரவிலும் கொடி பறக்கலாம் என்றார்கள். ஆகஸ்ட் 13 முதல் 15 வரை ‘இல்லந்தோறும் மூவர்ணம்’ இயக்கம் நடந்தது. கொடி மலிவாக எல்லா வீட்டுக்கும் போனது நல்லது. நூற்றுச் சம்பாதித்த கைகளுக்கு வேலை குறைந்தது நல்லதல்ல. ஹூப்ளியில் எதிர்ப்பு எழுந்ததில் நியாயம் இருக்கிறது. முடிந்தவர்கள் காதிக் கொடியையே கேட்டு வாங்க வேண்டும்.

★ கிழிந்த, சாயம்போன கொடியை ஏற்றி வைத்திருப்பதும் விதிமீறல். அதைக் குப்பையில் போடக் கூடாது. மறைவான இடத்தில், முழுதாக, மரியாதையோடு, முடிந்தவரை எரித்து அப்புறப்படுத்த வேண்டும். விழா முடிந்தபின் காகிதக் கொடியைத் தரையில் எறியக் கூடாது என்றும் விதி தெளிவாகச் சொல்கிறது. பிளாஸ்டிக் கொடி மட்காது. அதை வாங்க வேண்டாம் என்று மத்திய உள்துறை அமைச்சகமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகஸ்ட் 15-ல் உங்கள் குழந்தை சட்டையில் ஊக்குக் குத்திக்கொண்டு போகும் கொடி காகிதமாகவோ துணியாகவோ இருக்கட்டும். மாலையில் அது வீடு திரும்பியதா என்று ஒருமுறை பாருங்கள். தெருவில் ஒன்று கிடந்தால், குனிந்து எடுத்துவிடுங்கள்.